ஏறாத ரயிலுக்கும் மூடிய காட்டுக்கும் ரூ. 1,92,000

இலங்கையிலிருந்து திரும்பிப் பதினோரு நாள் ஆகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், விடு" என்று நானே சமாதானமாகிவிடுவேன். என் சுபாவம் எனக்குத் தெரியும். பணத்தை வாங்கியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் இழுத்தடிக்கிறார்கள்.

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைக்கு 64,000 ரூபாய். நான், என் மனைவி, என் அக்கா என மூன்று பேருக்கு 1,92,000 ரூபாய். அக்காவின் பங்கு அவர் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். பணத்தைவிட என்னைத் தின்றுகொண்டிருக்கும் விஷயம் வேறொன்று. நான் ரயில்வேயில் 33 ஆண்டுகள் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். இரவு இரண்டு மணிக்கு, ஓடுகிற பெட்டியில், மங்கலான விளக்கு வெளிச்சத்தில், தேதி திருத்திய டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்தே பிடித்தவன். என்னிடம் ஒருவன் டிக்கெட்டையே காட்டி ஏமாற்றிவிட்டான். என் மனைவி இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று மகன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். ஆகவே இவ்வளவுதான்: ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் நடக்கும், குழுவாக ஆட்களைச் சேர்த்து வெளிநாட்டுக்கு அழைத்துப்போகும் சுற்றுலா நிறுவனம். இப்படிப்பட்டவர்களிடம் எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அவர்கள் விளம்பரம் என் பலவீனத்தைக் குறிபார்த்து அடித்தது. "கடலும் காடும் ரயிலும்: இலங்கை, ஆறு இரவுகள்." கண்டியிலிருந்து எல்ல வரை மலை ரயிலில் முதல் வகுப்பு. யால, புந்தல தேசியப் பூங்காக்கள். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் படகு. ஹிக்கடுவ கடல் பூங்காவில் கண்ணாடி அடித்தளப் படகில் பவளப்பாறை. கடைசி நாள் காலி என்ற ஊரிலிருந்து கொழும்புக் கோட்டை நிலையம் வரை, கடலை ஒட்டி ஓடும் கரையோர ரயில்.

அந்தக் கரையோர ரயிலுக்காகத்தான் நான் விழுந்தேன். 2004 டிசம்பர் 26 அன்று கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போன ரயிலை பெரலிய என்ற சிற்றூரில் ஆழிப்பேரலை புரட்டிப் போட்டது. 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். உலகில் ஒரே ரயிலில் இத்தனை பேர் இறந்த விபத்து வேறில்லை. முதல் அலை வந்தபோது ஊர் மக்கள், ரயில் பத்திரமான இடம் என்று நம்பி ஓடிவந்து அதில் ஏறிக்கொண்டார்களாம். தனுஷ்கோடியில் 1964 டிசம்பரில் புயல் கொண்டுபோன ரயிலைப் பற்றிக் கேட்டே வளர்ந்த ரயில்வே குடும்பம் எங்களுடையது. பெரலியவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கே நின்று ஒரு கும்பிடு போட வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

இதை அந்த நிறுவனத்திலிருந்து வந்த இளைஞனிடம் நானேதான் சொன்னேன். ஜூன் மாதம், என் வீட்டுக் கூடத்தில். முப்பது வயது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்தான். மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே அடுக்களை வரை கொண்டுபோய் வைத்தான். நான் பெரலியவைப் பற்றிச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்து, "அப்பா, அந்த இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்கிறேன். பூ வாங்கி வைப்பது என் பொறுப்பு" என்றான். சார் என்று நுழைந்தவன் அரை மணி நேரத்தில் அப்பா என்கிறான். எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்.

பிறகு என் நாளிதழின் ஓரத்திலேயே பேனாவால் இலங்கையை வரைந்தான். மாங்காய் போல ஒரு கோடு, அதன் தென்மேற்கு ஓரமாக ரயில் பாதை. "கொழும்பிலிருந்து மாத்தறை வரை போகிறவர்கள் வலப்பக்கம் உட்கார்ந்தால் வழி நெடுகக் கடல். நாம் திரும்பி வருகிறோம், அதனால் உங்களுக்கு இடப்பக்க ஜன்னல் போடச் சொல்லியிருக்கிறேன் அப்பா." இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா? அன்றே முன்பணம் 48,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். நிறுவனக் கணக்குக்கு அல்ல, அவன் சொன்ன ஒரு தனிநபர் கணக்குக்கு. "தணிக்கை நடக்கிறது அப்பா, அதனால்தான்" என்றான்.

மீதிப் பணத்துக்கு ஜூலை முதல் வாரம் வந்தான். கையில் ஒரு தாள். மலை ரயில், கரையோர ரயில் இரண்டுக்கும் பெட்டி எண், இருக்கை எண், எங்கள் மூன்று பேரின் பெயர், "உறுதி செய்யப்பட்டது" என்ற முத்திரை. பயணம் செப்டம்பர் இரண்டாவது வாரம். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அலைபேசி வழியாக ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் போகாது என்பதால் 1,44,000 ரூபாயை இரண்டு நாளாகப் பிரித்து அனுப்பினேன். இரண்டாம் நாள் அனுப்ப மறந்துவிடக் கூடாதென்று அலாரம் வேறு வைத்தேன். ஏமாறுவதற்கு அலாரம் வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இலங்கை ரயிலில் முன்பதிவு 30 நாள் முன்னால்தான் திறக்கிறது. நம் ஊரில் 120 நாளாக இருந்து, 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. அங்கே 30. கண்டி - எல்ல பாதையின் முன்பதிவு இருக்கைகள், உலகம் முழுவதும் இருந்து வருகிற பயணிகளால், திறந்த சிறிது நேரத்திலேயே தீர்ந்துவிடும். செப்டம்பர் இரண்டாவது வாரப் பயணத்துக்கு ஆகஸ்ட்டுக்கு முன்னால் யாராலும் இருக்கை எண் வாங்க முடியாது. ஜூலையில் என் கூடத்தில் அவன் நீட்டிய தாள் ஏதோ கணினியில் அடித்த காகிதம். "முன்பதிவு என்றைக்குத் திறந்தது தம்பி?" என்று ஒரு கேள்வி. பயணிகளிடம் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்றைக்கு வாயில் வரவில்லை.

குழுவில் 22 பேர். சென்னையிலிருந்து விமானம் சரியாகப் புறப்பட்டது. அறைகளும் சுமார்தான் என்றாலும் குறை சொல்ல மாட்டேன். சாப்பாட்டைப் பற்றி எழுதினால் பதிவு நீண்டுவிடும். மூன்று வேளையும் பருப்பும் சோறும் என்று மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை கண்டி ரயில் நிலையத்துக்குப் போகவில்லை. வழிகாட்டி வேனை அதே பாதையில் நடுவழியில் இருக்கும் நானுஓயா நிலையத்துக்கு விட்டார். "அங்கிருந்துதான் காட்சி அழகு" என்றார். அங்கே போனதும் கையில் கொடுத்தது முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு டிக்கெட். ரயில் வந்தபோது படியிலேயே பத்துப் பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். என் அக்காவுக்கு வயது 71, இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆனவர். எல்ல போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண், மடியில் குழந்தையோடு இருந்தவர், எழுந்து, "இங்கே உட்காருங்கள் அம்மா" என்று அக்காவுக்கு இடம் கொடுத்தார். அந்தத் தமிழில் எங்கள் பக்கத்து வாடை இருந்தது. அவருடைய முன்னோர் எந்த ஊரிலிருந்து போனார்களோ. நானும் மனைவியும் கழிவறைக் கதவை ஒட்டி நின்றோம். பட்டிப்பொல நிலையம் வந்தது. இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம். என் கண்ணில் பட்டது ஒரு ஜெர்மன்காரரின் முதுகுப்பை. எல்லவைத் தாண்டினால் வரும் ஒன்பது வளைவுப் பாலத்தை மறுநாள் வேனில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். 1921-ல் கல்லாலும் செங்கல்லாலும் சிமெண்டாலும் கட்டி முடித்தது. அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனால் அந்த ஒன்று மட்டும் குறைவில்லாமல் நடந்தது.

டிக்கெட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ரயில்வேயில் கணினி வேலை செய்யவில்லை." நான் வைத்திருந்த தாளைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்! கேட்டு வாங்கப் பெரும் பாடு பட்டேன்.

யால இன்னும் மோசம். விடியற்காலை நான்கரைக்கு எழுப்பி, திசமகாராமையிலிருந்து ஜீப்பில் ஏற்றினார்கள். வழியெல்லாம் இருட்டு, மண் வாசனை, குளிர் காற்று. சிறுத்தை பார்க்கப்போகிறோம் என்று எல்லோரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தோம். ஜீப் வேறு எங்கோ திரும்பியது. ஓட்டுநருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஐயா, செப்டம்பரில் யாலவின் முதல் பகுதியை மூடிவிடுவார்கள். அக்டோபர் நடுவில்தான் திறப்பார்கள். உங்களுக்குச் சொல்லவில்லையா?"

சொல்லவில்லை. வறட்சியில் காட்டுக்குளங்கள் வற்றிப்போகும் காலம் அது. விலங்குகளைத் தொந்தரவு செய்யாமல் இருக்க, வழக்கமாக செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 15 வரை அந்தப் பகுதியைச் சாத்திவிடுகிறார்கள். சிறுத்தைக்குப் பெயர் போனதே அந்த முதல் பகுதிதான். ஓட்டுநருக்குத் தெரியும், ஊரில் டீக்கடைக்காரருக்குத் தெரியும். 64,000 ரூபாய் வாங்கிய நிறுவனத்துக்குத் தெரியாதா?

எங்களைக் கொண்டுபோய் விட்டது புந்தலவில். நல்ல இடம், குறை சொல்ல மாட்டேன். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இலங்கையிலிருந்து முதலில் சேர்ந்தது அதுதான், 1990-ல். ஆனால் அங்கே கூட்டம் கூட்டமாக வலசைப் பறவைகள் இறங்குகிற காலம் இனிமேல்தான் தொடங்க வேண்டும். இரண்டு மணி நேரம் சுற்றியதில் முதலைகளும் கொஞ்சம் வர்ண நாரைகளும் கண்டோம். வர்ண நாரையை நான் கூந்தன்குளத்தில், பஸ் கட்டணத்தில் பார்த்திருக்கிறேன். வழிகாட்டி, "பாருங்கள், இரண்டு பூங்காவும் முடிந்தது" என்றார். எப்படி இரண்டு என்றால், யாலவின் எல்லையை ஒட்டி வந்தோமாம்.

மிரிஸ்ஸவில் திமிங்கிலமும் இல்லை, ஹிக்கடுவவில் பவளப்பாறையும் இல்லை. இரண்டு இடத்திலும் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அடங்காத நேரத்தில் அந்தக் கரையில் படகு விடமாட்டார்கள். அங்கே திமிங்கிலத்துக்கான பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. செப்டம்பரில் கடல் அமைதியாக இருப்பது கிழக்குக் கரையில். திருகோணமலையில், புறாத்தீவுப் பக்கம். இலங்கை வரைபடத்தை என் நாளிதழ் ஓரத்தில் வரைந்தவனுக்கு மேற்கு எது கிழக்கு எது என்று நன்றாகத் தெரியும். அறை மலிவாகக் கிடைக்கும் மாதமாகப் பார்த்து மற்ற மாதத்தின் படங்களை எங்களுக்கு விற்றிருக்கிறான். விளம்பரத்தில் இருந்த இடங்கள் அத்தனையும் உண்மை. மாதம் மட்டும்தான் பொய்.

கடைசி நாள். காலிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் விட்டார்கள். வேனில் ஏறும்போது வழிகாட்டி, "கரையோர ரயில் இன்று ரத்து. வேனிலேயே கொழும்பு போகிறோம்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பொறி தட்டியது. ரயில் நிலையம் கோட்டைக்குப் பக்கத்தில்தான், விறுவிறுவென்று நடந்தால் பத்து நிமிடம். யாரிடமும் சொல்லாமல் நடந்தேன். ரயில் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தது. நிலைய ஊழியரிடம் கொழும்பு வண்டி ரத்தா என்று கேட்டேன். இதோ நிற்கிறதே என்று கையைக் காட்டினார். நானும் ரயில்வே என்றதும் முகம் மலர்ந்து பேசினார். காலி நிலையம் முட்டுச்சந்து போன்றது. மாத்தறைக்குப் போகிற வண்டி வந்த வழியே திசை மாறித்தான் புறப்பட வேண்டும், அதுவரை கடலைப் பார்த்து வந்த வலப்பக்கத்தாருக்கு அதன்பின் ஊர்தான் தெரியும் என்றார். "வழி நெடுகக் கடல்" என்று அவன் வரைந்து காட்டியதுகூடச் சரியில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. டிக்கெட் விலை, நம்புங்கள், இலங்கை ரூபாயில் சில நூறுகள்.

ஓடிவந்து வழிகாட்டியிடம் சொன்னேன். "நீங்கள் மூன்று பேரும் ரயிலில் வாருங்கள் ஐயா. விமானத்தைத் தவறவிட்டால் நாங்கள் பொறுப்பில்லை. பெட்டியையும் இறக்கிக்கொள்ளுங்கள்." அக்கா என் கையைப் பிடித்து, "வேண்டாம் தம்பி, வா" என்றார். ஏறிவிட்டேன். இப்போது நினைத்தாலும் கால் கூசுகிறது, அந்த வேனில் ஏறிய கால்.

அதிவேக நெடுஞ்சாலை கடலை விட்டு வெகு தூரம் உள்ளே தள்ளிப் போகிறது. ஜன்னல் வழியே வயலும் ரப்பர் தோட்டமும் மண் மேடும். பெரலிய எங்கோ இடது பக்கம், எனக்குத் தெரியாமலே கடந்து போனது. காலியில் வாங்கிய பூ என் மடியில் இருந்தது. அந்தப் பூவையும் நான்தான் வாங்கியிருந்தேன்.

இனி திரும்பி வந்த பிறகு நடந்தது. முதல் நாள் அழைத்தேன். மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார். இரண்டாம் நாள், மேலாளர் வெளியூர். மூன்றாம் நாள் ஒரு பெண் பணிவாகப் பேசி, "ரயில் அவர்கள் நாட்டு அரசாங்கத்தின் பொறுப்பு சார். இலங்கை முகவரிடம் கேளுங்கள்" என்று ஓர் எண் கொடுத்தார். கேட்டேன். அந்த முகவர் நல்ல மனிதர், தமிழர். "எங்களிடம் அவர்கள் கேட்டது வேனும் அறையும் மட்டும்தான் ஐயா. ரயில் டிக்கெட் கேட்கவே இல்லை. செப்டம்பர் என்றால் கிழக்கே போங்கள் என்று நான்கூடச் சொன்னேன்" என்றார். கேட்கவே இல்லை! அப்படியானால் ஜூலையில் என் வீட்டில் காட்டிய இருக்கை எண்கள்?

இதை அப்படியே எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: "இயற்கைச் சீற்றம் காரணமாக நிகழ்ச்சி நிரல் மாறுதலுக்கு உட்பட்டது." ஆண்டுதோறும் தேதி அறிவித்து மூடுகிற காடு இயற்கைச் சீற்றமாம். இன்னொரு வரி: "ரயில் அனுபவம் வழங்கப்பட்டுவிட்டது." ஆமாம், கழிவறைக் கதவோரம்.

நேரில் போனேன். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, அடுத்த சுற்றுலாவில் தலைக்கு 5,000 ரூபாய் கழிவு என்று ஒரு சீட்டு நீட்டினார்கள். 1,92,000 ரூபாயை ஏமாந்தவன் மறுபடியும் அவர்களிடமே பணம் கட்டினால் 15,000 ரூபாய் குறைப்பார்களாம். சீட்டை அங்கேயே மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அந்த இளைஞனைப் பார்க்க வேண்டும் என்றேன். வேலையை விட்டுப் போய்விட்டானாம். படியிறங்கும்போது வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளுக்கு நடுவே ஒரு ஜோடி மட்டும் ஓரமாக, ஒழுங்காக வைத்திருந்தது. அவனுடையதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

வீடு வந்து சேர்வதற்குள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். மற்றவர்கள் எழுத முடியாதபடி பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்று கூட வந்த ஓர் ஆசிரியர் சொன்னார். அவருக்கும் கோபம்தான், ஆனால் புகார் என்றதும் "பார்ப்போம் சார்" என்கிறார்.

விவரமாக எழுதுவதாக மேலே சொன்னேன். இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சிலது மட்டும். இடத்தை விசாரிக்கும்போது மாதத்தையும் சேர்த்து விசாரியுங்கள்: அந்த மாதம் பூங்கா திறந்திருக்குமா, அந்தக் கரையில் படகு ஓடுமா. ரயில் இருக்கை "உறுதி" என்றால் முன்பதிவு திறந்த தேதியைக் கேளுங்கள். தனிநபர் கணக்குக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு விற்கிறவர் வருமான வரித் துறைக்காக ஒரு தொகை பிடித்துக் கட்ட வேண்டும், அதற்குப் பான் எண் கேட்பார். என்னிடம் கேட்கவே இல்லை, அப்போதே விழித்திருக்க வேண்டும். ஏமாந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. நான் தாளெல்லாம் சேர்த்துவிட்டேன். வழிகாட்டியின் பையிலிருந்து மீட்ட அந்தத் தாள்தான் முதல் சான்று.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மனைவியின் அலைபேசியில் அவர்களுடைய புதிய விளம்பரம் வந்திருக்கிறது. அவரைக் குழுவிலிருந்து நீக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அதே படங்கள், அதே ரயில், தலைக்கு 66,000 ரூபாய். பள்ளி விடுமுறைச் சிறப்பு, மே மாதக் கடைசி வாரம்: மிரிஸ்ஸவில் திமிங்கிலம்.

மே மாதக் கடைசியில்!